'மாட்டேன்' என்னும் சொல்

நாம் நாள்தோறும் பல முறை வழங்கிவரும் சொற்களுள் 'மாட்டேன்' என்பதும் ஒன்று. மழலை மாறாத குழந்தை 'அம்மா', 'அப்பா', 'தா' என்பவற்றிற்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இச்சொல்லாகத்தான் இருக்கிறது. சாப்பிடமாட்டேன், தூங்கமாட்டேன், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அங்கே தொடங்கும் சொல், மருந்துக் குப்பியைத் தள்ளிவைக்கும் முதியவர் வாயிலும் ஒலிக்கிறது. இவ்வளவு பழகிய சொல்லைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என அன்பர்கள் எண்ணக்கூடும். தமிழகத்திலிருந்து பெயர்ந்து வந்து, வேற்றுமொழி வழங்கும் ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்ற குடும்பத்தார்க்கு இதில் சற்று அதிகமாகவே இருக்கிறது என்பது என் கருத்து.

நான் தமிழ்ப் புலவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். வேலை சித்தூரில், குடியிருப்பு பங்காருபாளையத்தில். மனைவி இவ்வூர்ப் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுவதால் இங்கே வீடு பிடித்தோம். பங்காரு என்றால் தெலுங்கில் பொன். பொன்னைக் காணோம், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியின் புழுதியும், வைகாசி, ஆனி மாதங்களில் மாம்பழ வாசனையும் குறைவின்றி உண்டு.

இப்பகுதியின் வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி அதற்கு முன் வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் இணைந்தது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு நகர்ந்துகொண்டிருக்க, சந்தையில் மட்டும் இரு மொழிகளும் ஒன்றையொன்று தோள் இடித்தபடியே நிற்கின்றன. எங்கள் வீட்டிலும் அவ்வாறே. பையன் தெலுங்குப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறான். வீட்டில் தமிழ் பேசுகிறான். கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுகிறான்.

அவன்தான் ஒரு நாள் இதைக் கேட்டான். "அப்பா, 'வரமாட்டேன்' என்றால் வருவதற்கில்லை என்று பொருள். அப்படியானால் வருகிறவன் 'வரமாட்டுவேன்' என்று ஏன் சொல்வதில்லை?"

நல்ல கேள்வி. செய்யேன் என்பதற்குச் செய்வேன் இருக்கிறது. முடியாது என்பதற்கு முடியும் இருக்கிறது. மாட்டேன் என்பதற்கு மட்டும் எதிரே ஒன்றுமில்லை. 'மாட்டுவேன்' என்று ஒருவன் இன்று சொன்னால், சட்டையை ஆணியில் மாட்டப் போகிறான் என்றே கொள்வோம். இதற்கு விடை சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் இருக்கிறது. மாட்டுதல் என்பதற்குத் தொங்கவிடுதல் முதலிய பொருள்களோடு, செய்ய வல்லவனாதல் என்னும் பொருளும் அதில் உண்டு. அஃதாவது, மாட்டுதல் என்பது பழந்தமிழில் இயலுதல். மாட்டேன் என்றால், எனக்கு அந்த வல்லமை இல்லை, என்னால் ஆகாது என்பதே முதற்பொருள். உடன்பாட்டு வடிவம் பேச்சிலிருந்து உதிர்ந்துபோயிற்று. எதிர்மறை மட்டும் தனியே நிலைத்து, நாளடைவில் 'எனக்கு விருப்பமில்லை' என்னும் பொருளை ஏற்றுக்கொண்டது.

முதற்பொருள் அடியோடு மறைந்துவிடவில்லை. பசி பொறுக்கமாட்டாமல் அழுதது என்கிறோம். துக்கம் தாங்கமாட்டாமல் மயங்கினாள் என்கிறோம். இங்கே பொறுக்க விருப்பமின்றி என்றோ, தாங்கச் சம்மதியாமல் என்றோ எவரும் பொருள் கொள்வதில்லை. மாட்டாமை என்றால் இயலாமையே. இவ்வாறு ஒரே சொல்லின் ஒரு வடிவத்தில் இயலாமையும், மற்றொரு வடிவத்தில் விருப்பமின்மையும் குடியிருக்கின்றன. முதியோர் பேச்சில் இந்த வேலிகூட இல்லை. "நான் அவ்வளவு தூரம் நடக்கமாட்டேன் அப்பா" என்று ஒரு பாட்டி சொன்னால், அவள் எந்த அறையிலிருந்து பேசுகிறாள் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டும்.

ஆகாது என்பது எப்படி விரும்பேன் என்று ஆயிற்று? இதில் வியப்பு இல்லை. பிறர் கேட்டதை நேரே மறுப்பதற்கு மனம் கூசுகிறது. எனவே 'எனக்கு அவ்வளவு சக்தி இல்லை' என்று தாழ்மையாகச் சொல்லி விலகுகிறோம். அதையே எல்லாரும் பல தலைமுறை சொல்லச் சொல்ல, தாழ்மை தேய்ந்து மறுப்பு மட்டும் மிஞ்சுகிறது. இன்று 'முடியாது' என்னும் சொல்லும் அதே வழியில் நடந்துகொண்டிருப்பதைக் காண்கிறோம். "பணம் தர முடியாது, போ" என்பவன் தன் இயலாமையையா தெரிவிக்கிறான்? மாட்டேன் என்பதைக் காட்டிலும் கடுமையாக அன்றோ அது காதில் விழுகிறது! இளையவர்கள் பெரியோரிடம் மாட்டேன் என்று சொல்லலாகாது என வளர்க்கப்படுகிறார்கள். ஆதலின் விருப்பமில்லாததை எல்லாம் 'முடியலை' என்கிறார்கள். முதியோரோ உண்மையாகவே இயலாததை 'மாட்டேன்' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் இவ்வகையில் கொடுத்துவைத்தவர்கள். இயலாது என்பதன் மரூஉவாகிய 'ஏலாது' அவர்கள் பேச்சில் இன்றும் உயிருடன் இருக்கிறது.

பயணச்சீட்டுக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் குழப்பம் அன்றாட உணவு. காலை 11 மணிக்குப் படுக்கை வகுப்பின் தட்கால் முன்பதிவு தொடங்கும். நாலைந்து நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடும். வரிசையில் ஏழாவதாக நிற்கும் பெரியவரிடம், "இனி இல்லை ஐயா, தர முடியாது" என்கிறேன். அவர் காதில் விழுவது வேறு. "ஏன் தரமாட்டீர்கள்?" என்று கேட்கிறார். கணிப்பொறி மறுப்பதை நான் மறுப்பதாகக் கொண்டு, என் மீசையை உற்றுப் பார்க்கிறார். அடுத்து நிற்பவர் தெலுங்கர். அவரிடம் "இவ்வலேனண்டி" என்கிறேன். அவர் பெருமூச்செறிந்து நகர்ந்துவிடுகிறார்.

இரண்டு மொழிகளுக்கும் உள்ள வேறுபாடு அந்த 'லே' என்னும் ஓரெழுத்தில் இருக்கிறது. தெலுங்கில் 'இவ்வனு' என்றால் கொடுக்க மனமில்லை. 'இவ்வலேனு' என்றால் கொடுக்க இயலவில்லை. 'ரானு' என்றால் வரமாட்டேன். 'ராலேனு' என்றால் வர இயலாது. மனமின்மை குறுகிய சொல். இயலாமை நீண்ட சொல். கேட்பவருக்கு ஐயம் எழ இடமில்லை. நம் பழந்தமிழிலும் செய்யேன், உண்ணேன் என்று 'இவ்வனு' போன்ற குறுகிய எதிர்மறை உண்டு. காலங்காட்டும் உறுப்பு இன்றியே அமையும் இத்தகைய எதிர்மறை வினைகளைக் கால்டுவெல் பாதிரியார் 1856-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் ஆராய்ந்திருக்கிறார். ஏட்டில் அது இருக்கிறது. பேச்சில் மாட்டேன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தெலுங்கரை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் வேண்டா. அவர்களிடம் 'ஒல்லனு' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. எனக்கு வேண்டா, நான் இசையேன் என்பது பொருள். நம்முடைய 'ஒல்லும்' என்னும் சொல்லின் உடன்பிறப்பு அது. திருக்குறளில் ஒல்லும் என்பது இயலும் என்னும் பொருளில் வருவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆக, நாம் மாட்டேனை எந்த வழியில் ஓட்டிச் சென்றோமோ, அதே வழியில் அவர்கள் ஒல்லனுவை ஓட்டிச் சென்றிருக்கிறார்கள். அண்ணன் தம்பி நடை ஒன்றாகத்தானே இருக்கும்!

இவையெல்லாம் சொல்லாராய்ச்சி, ஓய்வு நேரத்து விளையாட்டு என்று விட்டுவிட முடியாதபடி சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒன்று நிகழ்ந்தது.

என் தாயார் ஆரணிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர். தந்தையார் காலமான பின் எங்களுடன் இருக்கிறார். தெலுங்கு அவருக்குக் கறிகாய் வாங்கும் அளவே தெரியும். ஒரு நாள் துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்தார். பெரிய காயம் ஒன்றுமில்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்துக்கொண்டார். மறுநாள் வலி மிகுதியாகவே, நான் பணியில் இருந்தபடியால், என் மனைவி அவரையும் பையனையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றாள். சீட்டு வாங்க அவள் வரிசையில் நின்ற நேரத்தில் பாட்டியை உள்ளே அழைத்துவிட்டார்கள். உடன் சென்றவன் பையன்தான்.

மருத்துவர் தெலுங்கர். இளைஞர், வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். காலைத் தூக்கச் சொன்னார். என் தாயார், "மாட்டேன் சாமி" என்றார். எழுந்து இரண்டடி நடக்கச் சொன்னார். "நடக்கமாட்டேன் சாமி, விட்டுடு" என்றார். என்ன சொல்கிறார் என்று மருத்துவர் பையனைக் கேட்டார். பதினோரு வயதுப் பையன், தனக்குத் தெரிந்த தமிழைத் தனக்குத் தெரிந்த தெலுங்கில் ஒழுங்காகப் பெயர்த்தான்: "மா அவ்வ நடவனண்டுந்தி." நடக்கமாட்டேன் என்கிறாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒரு சொல்லும் குறைக்கவில்லை. ஆயினும் தமிழில் கிளம்பியது இயலாமை, தெலுங்கில் போய்ச் சேர்ந்தது பிடிவாதம். வயதானவர்கள் வலிக்கு அஞ்சி முரண்டுபிடிப்பது வழக்கந்தானே என்று மருத்துவர் எண்ணியிருக்கவேண்டும். வலிக்கு மாத்திரை எழுதி, ஒரு வாரம் கழித்து வரும்படியும், வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவைக்கும்படியும் சொல்லிவிட்டார்.

நடக்கவைக்கும்படி! நல்ல வேளையாக, ஊசி போட வந்த நர்ஸ் அம்மாள் குடியாத்தத்துப் பெண். வெளியே பெஞ்சில் கிடந்த கிழவியிடம் குனிந்து, "ஆயா, மாட்டேன்னா? முடியலையா, இஷ்டமில்லையா?" என்று கேட்டிருக்கிறார். "முடிஞ்சா மாட்டேன்னு சொல்லுவேனாம்மா?" என்று என் தாயார் திருப்பிக் கேட்டாராம். அதற்குள் என் மனைவியும் வந்து சேர்ந்தாள். நர்ஸ் அம்மாள் உள்ளே சென்று, "நடவலேனண்டுந்தி சார்" என்று சொன்ன பிறகு மருத்துவரே எழுந்து வந்து, காலைத் தொட்டுப் பார்த்து, உடனே எக்ஸ்ரே எடுக்கச் செய்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் விரிசல். எலும்பு இடம் பெயரவில்லை. வேலூரில் அறுவை செய்து திருகாணி வைத்தார்கள். ஒரு வாரம் நடக்கவைத்திருந்தால் விரிசல் முறிவாகியிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். இப்போது கைத்தடி ஊன்றி வாசல் வரை வருகிறார்.

பையனை ஒருவரும் குறை சொல்லவில்லை. அவன் அறிந்த மாட்டேன் ஒன்றே ஒன்றுதான். அது அவனுடைய மாட்டேன். கணக்குப் போடமாட்டேன், குளிக்கமாட்டேன் என்கிற மாட்டேன். பாட்டியின் மாட்டேன் அதற்கு ஐந்நூறு ஆண்டு மூத்தது என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை தெருவிலும் திண்ணையிலும் நூறு கிழவிகளைக் கேட்டு இதைத் தானே கற்றுக்கொள்ளும். இங்கே அவனுக்கு வாய்த்திருப்பது ஒரே ஒரு பாட்டி.

இதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. 1955-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்துக் கைதானார். வேலை செய்து கால் ஓய்ந்திருந்ததால் எழ இயலவில்லை என்று பலர் பரிவோடு கதை சொன்னார்கள். அவரோ பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது, உடல் அப்படியொன்றும் ஓயவில்லை, விட்டுக்கொடுத்து ஓய்ந்ததுதான் உண்மை என்று தெளிவுபடுத்தினார். அவர் சொன்னது மாட்டேன். உலகம் அதை முடியாது என்று மாற்றிக் கேட்டது. என் தாயாருக்குப் பரிவு கிடைக்கவில்லை. அந்த அம்மையாருக்கு வேண்டாத பரிவு கிடைத்தது. இரண்டிலும் சொன்னவர் சொல் போய்ச் சேரவில்லை.

இவ்வூரிலேயே 2025-ஆம் ஆண்டு மாம்பழப் பருவத்தில் இதே வினா பெரிய அளவில் எழுந்தது. தோதாபுரி என்று இங்கே வழங்கும் கிளிமூக்கு மாம்பழத்தின் விலை அவ்வாண்டு பெரிதும் வீழ்ந்தது. ஆலைகளின் வாயிலில் பழம் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் நாட்கணக்கில் காத்துக் கிடந்தன. சாலையோரத்தில் பழம் கொட்டப்பட்டதையும் கண்டோம். கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தரவேண்டும் என அறிவிக்கப்பட்டது. முந்திய ஆண்டுக் கூழே விற்காமல் கிடக்கிறது, 'கொனலேமு', வாங்க இயலாது என்றனர் ஆலைத் தரப்பினர். இல்லை, அது 'கொனமு', விலை இன்னும் இறங்கட்டும் என்று வாங்கமாட்டோம் என்கிறார்கள் என்றனர் உழவர்கள். தெலுங்கின் தெளிவான 'லே' இருந்தும் ஐயம் தீரவில்லை. சொல்லின்மேல் இருந்த ஐயம் சொன்னவர்மேல் போய் நின்றது. பழம் அழுகக் காத்திருக்கவில்லை.

இனி மாட்டேன் என்பதன் மற்றொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த பக்கம். பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு மாட்டேன் கிடையாது. ஆள் வரமாட்டான், வண்டி வராது. ஆசிரியர் அடிக்கமாட்டார், மழை பெய்யாது. கைக்குழந்தையைக்கூட 'குழந்தை அழாது' என்றுதான் சொல்கிறோம். அதே குழந்தை தளர்நடை போடத் தொடங்கியதும் 'இவன் சாப்பிடமாட்டான்' என்கிறோம். அன்று முதல் அவனுக்கென்று ஒரு மனம் இருப்பதை இலக்கணம் ஒப்புக்கொண்டுவிட்டது. காட்பாடி வண்டி இன்று வருமா என்று கேட்பவரிடம் "வராது" என்று சொல்லலாம். "வரமாட்டாது" என்றால் சிரிப்பார்.

ஆயினும் நம்மவர் குறும்பைப் பாருங்கள். வண்டிக்கு மனம் இல்லை என்று விதி செய்தவர்களே, பின்வாசல் ஒன்றும் திறந்து வைத்திருக்கிறார்கள். "பூட்டு திறக்கமாட்டேன் என்கிறது." "வண்டி கிளம்பமாட்டேன் என்கிறது." "மழை விடமாட்டேன் என்கிறது." பூட்டு தானே வாய் திறந்து, தன்மை ஒருமையில், 'நான் திறக்கமாட்டேன்' என்று சொல்வதாக அமைத்துவிட்டோம்! ஆங்கிலேயரும் 'த டோர் வோண்ட் ஓபன்' என்று கதவுக்குப் பிடிவாதம் ஏற்றுவதுண்டு. ஆனால் கதவைப் பேசவைப்பதில்லை. நம் வீடுகளில் நாள்முழுதும் தாழ்ப்பாளும் அடுப்பும் நீர்க்குழாயும் பேசிக்கொண்டிருக்கின்றன. இதன் உச்சி, 'முடியமாட்டேன் என்கிறது' என்பது. நடக்க முடியமாட்டேங்குது, படிக்க முடியமாட்டேங்குது என்று எல்லாரும் சொல்கிறோம். முடிதல் என்னும் செயலே எதிரில் நின்று கைகட்டி மறுக்கிறது.

அறுவைக்குப் பின் என் தாயார் இந்த வழக்கையே மிகுதியும் கையாளக் காண்கிறேன். முன்பு "உட்காரமாட்டேன்" என்றவர், இப்போது "முட்டி மடங்கமாட்டேன் என்கிறது" என்கிறார். மறுப்பு அவரை விட்டு நீங்கி முட்டியின்மேல் ஏறிவிட்டது. பையன் அதைத் தெலுங்கில் சொன்னாலும் கெடுதல் இல்லை. முரண்டுபிடிப்பது முட்டியாகத்தானே இருக்கும்! சென்ற மாதம் காணிப்பாக்கம் பிள்ளையாரைத் தரிசிக்கப் போகலாம் என்று அழைத்தேன். "நான் வரமாட்டேன்" என்றார். முடியலையா, இஷ்டமில்லையா என்று பையன் உடனே கேட்டான். இப்போதெல்லாம் அவன் கேட்காமல் விடுவதில்லை. "வெயிலு தாழட்டும், அப்புறம் சொல்றேன்" என்று அவர் பதில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவைச் சேர்ந்த எட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடி எழுதப் படிக்கப் பழகுகிறார்கள். தமிழ் வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, அதைச் சொன்னவர் யார், எந்த வயதினர் என்று முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகே தெலுங்கில் சொல்லச் செய்கிறேன். "இந்த மூட்டையைத் தூக்கமாட்டேன்" என்பதற்கு மூன்று பிள்ளைகள் 'எத்தனு' என்றும், ஐந்து பிள்ளைகள் 'எத்தலேனு' என்றும் எழுதினார்கள். கூலியாள் சொன்னானா, கிழவர் சொன்னாரா என்பதில் அவர்களுக்குள் அரை மணி நேரம் வழக்கு. அடுத்த வாரத்திற்குக் 'கூடாது' என்னும் சொல்லை எடுத்து வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு காலத்தில் இயலாது என்று பொருள்பட்டு, இன்று செய்யலாகாது என்னும் தடையாக மாறிய சொல்தான். அன்பர்கள் தத்தம் வீட்டுப் பெரியோர் வாயில் இவ்விரு சொற்களும் எவ்வாறு வழங்குகின்றன என்பதை, அவர்கள் சொன்னது சொன்னபடியே எழுதி, சங்கத்து முகவரிக்கு அனுப்பினால் திண்ணையில் படித்துக் காட்டுவேன். ஊரின் பெயரையும் சொன்னவரின் வயதையும் குறிப்பிட மறக்கவேண்டா.